காட்டுக் காற்றில் ஓசோன்: அளப்பதும் வரைபடமாக்குவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்று மாசு என்றதும் பேச்சு சாலைப் புகைக்கும் டெல்லிப் பனிமூட்டத்துக்கும் போய்விடுகிறது. காட்டு மரங்களையும் காற்று மாசு வாட்டுகிறது, அதை வரைபடமாகப் போட முடியும் என்று சொன்னால் மாணவர்களும் மலையேறும் நண்பர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கலிஃபோர்னியா மலைகளைப் பற்றியவை. காட்டு ஓசோனை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் கவனித்து வரும் இடம் அது.

ஓசோன் நம்மைக் காப்பாத்துற படலம்தானே? அது எப்படி மாசு ஆகும்?

வாயு ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. வளிமண்டல ஓசோனில் ஏறக்குறைய 90 சதவீதம் தரையிலிருந்து வெகு உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில் இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான். நாம் மூச்சு விடும் உயரத்தில் இருக்கும் ஓசோனோ நுரையீரலையும் இலையின் உட்திசுவையும் சேதப்படுத்துகிறது. இந்தப் பக்கம் முழுக்க இந்தத் தரைமட்ட ஓசோனைப் பற்றியது.

அளவை பிபிபி என்று சொல்வார்கள். காற்றில் நூறு கோடிக்கு ஒரு பங்கு என்று பொருள். 50 பிபிபி என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 100 மைக்ரோகிராம். இந்தியாவில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பும் அந்த 100 மைக்ரோகிராம்தான். மரங்களுக்கான கணக்கு வேறு, அது பின்னால் வரும்.

காட்டுல வண்டியும் இல்ல, ஆலையும் இல்ல. அப்புறம் அங்க ஓசோன் எங்கிருந்து வருது?

ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து காற்றிலேயே உருவாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் இது நடப்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். இந்த வினைக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்று நகரத்தைத் தாண்டிவிடும். லாஸ் ஏஞ்சலஸில் பகலில் வீசும் கடற்காற்று மாசைக் கிழக்கே தள்ளுகிறது. வெயிலில் சூடேறிய மலைச்சரிவு அதை மேலே இழுக்கிறது. பிற்பகலில் சான் பெர்னார்டினோ மலைகளின் பைன் காடுகளுக்கு வந்து சேரும்போது ஓசோன் நன்றாகத் திரண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பலருக்கு இதுதான் வியப்பு. நகரத்தில் இரவானால் ஓசோன் குறையும். வண்டிகள் விடும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். மலை முகட்டில் அப்படித் தின்ன ஆளில்லை, அதனால் இரவிலும் அது அப்படியே நிற்கிறது. சராசரியைப் பார்த்தால் மாசை உண்டாக்கிய நகரத்தைவிட மலைக்காட்டில் ஓசோன் கூடுதலாக இருப்பது இதனால்தான். செக்கோயா தேசியப் பூங்காவுக்கு சான் ஹோக்கீன் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்றும் இதே கதைதான்.

மரங்களே ஓசோனை உண்டாக்குதுன்னு படிச்சேன். அப்போ காட்டு மேலதான் தப்பா?

ஓக், யூகலிப்டஸ் போன்ற மரங்கள் ஐசோப்ரீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன, பைன்கள் டெர்பீன்களை. நைட்ரஜன் ஆக்சைடு நிறைந்த காற்றில் இவை ஓசோன் உருவாக உதவும், அது உண்மை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவான தூய காற்றில் அதே வாயுக்கள் ஓசோனைக் குறைக்கவும் செய்யும். அதோடு இலைகள் ஓசோனை உறிஞ்சுகின்றன. மனிதர்கள் கூட்டிச் சேர்த்தது நைட்ரஜன் ஆக்சைடைத்தான். மரங்கள் இந்த வாயுக்களைப் பல லட்சம் ஆண்டுகளாக விட்டுக்கொண்டிருக்கின்றன. பழியை மரத்தின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, ஓசோன் மரத்தை என்னதான் செய்யும்? சாகடிச்சிடுமா?

பெரும்பாலும் நேராகக் கொல்லாது, மெலிய வைக்கும். இலைத்துளை வழியாக உள்ளே போன ஓசோன் செல்களைச் சிதைக்கிறது. ஒளிச்சேர்க்கை குறைகிறது, பழைய இலைகள் சீக்கிரம் உதிர்கின்றன, வேருக்குப் போகும் உணவு குறைகிறது.

சான் பெர்னார்டினோ மலைகளில் 1950களில் பாண்டரோசா பைன்களின் ஊசியிலைகள் மஞ்சள் திட்டுகளோடு உதிர ஆரம்பித்தன. காரணம் தெரியாததால் அதை எக்ஸ் நோய் என்று அழைத்தார்கள். பூஞ்சையா, பூச்சியா, வறட்சியா என்று தேடினார்கள். மரக்கிளைகளை மூடி உள்ளே ஓசோனைச் செலுத்திப் பார்த்தபோது அதே மஞ்சள் திட்டுகள் தோன்றின. பால் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1963-இல் இதை வெளியிட்டார்கள். நல்ல காற்றில் நான்கைந்து ஆண்டு ஊசிகளைத் தாங்கி நிற்கும் பைன், மோசமாகப் பாதிக்கப்பட்ட இடத்தில் ஓரிரு ஆண்டு ஊசிகளோடு மொட்டையாகத் தெரியும். அப்படி இளைத்த மரத்தைப் பட்டை வண்டுகள் எளிதாக வீழ்த்திவிடும். ஆகவே சாவுச் சான்றிதழில் வண்டின் பெயர்தான் இருக்கும்.

எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை. பாண்டரோசாவும் ஜெஃப்ரி பைனும் ஓசோனால் எளிதில் பாதிக்கப்படுபவை. வளர்ந்த ராட்சத செக்கோயா நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் இளநாற்றுகள் அவ்வளவு தாங்குவதில்லை. மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் தேசியேர்த்தோ தே லோஸ் லியோனெஸ் காட்டில் ஓயாமெல் ஃபிர் மரங்கள் நலிந்ததிலும் நகரத்து ஓசோனுக்குப் பெரிய பங்கு உண்டு.

நகரத்துல அரசாங்க மானிகள் இருக்கே. அதை வச்சே வரைபடம் போடக் கூடாதா?

போடலாம், ஆனால் அது நகரத்தின் வரைபடமாகத்தான் இருக்கும். மானிகள் மக்கள் வாழும் இடத்தில் வைக்கப்படுகின்றன. மேலே சொன்ன இரவுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இரவில் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னும் இடத்தில் எடுத்த எண்ணை அப்படியே மலைக்கு நீட்டினால் மலையின் ஓசோன் குறைவாகக் காட்டப்படும். பெரிய காட்டுப் பரப்புகளில் ஒரு மானிகூட இருக்காது. அந்த வெற்றிடத்தைக் கணினி எதையாவது போட்டு நிரப்பிவிடும், வண்ணமும் அழகாகவே இருக்கும். என் கவலை அதுதான். அளக்காத காடு வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்தால், அங்கே பிரச்சினை இல்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

மின்சாரமே இல்லாத காட்டுல எப்படி அளக்குறாங்க?

வழக்கமான மானி 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை ஓசோன் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளக்கிறது. துல்லியமானது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், குளிர்ச்சியான அறை வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், விலையும் அதிகம்.

காட்டுக்கு ஏற்றது செயலற்ற மாதிரிச் சேகரிப்பான். கைக்குள் அடங்கும் ஒரு சிறு உருளை, அதற்குள் நைட்ரைட் உப்பு பூசிய வடிதாள். பம்ப் கிடையாது, காற்று தானாக உள்ளே பரவும். ஓசோன் பட்டதும் நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும். பெரும்பாலும் இரண்டு வாரம் தொங்கவிட்டுப் பிறகு எடுத்து, ஆய்வகத்தில் நைட்ரேட் எவ்வளவு என்று அயனி நிறப்பகுப்பு முறையில் அளந்தால் அந்த இரண்டு வாரத்தின் சராசரி ஓசோன் கிடைத்துவிடும். மழையும் நேர்வெயிலும் படாமல் மேலே ஒரு குடுவை மூடி, ஒரு கம்பம், அவ்வளவுதான் தேவை. ஓகாவா என்ற வகை இதில் பரவலாகப் புழங்குகிறது. 1990களின் இறுதியில் ஐரோப்பாவின் கார்ப்பாத்தியன் மலைகளிலும், 1999-இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலும் இப்படித்தான் வலைப்பின்னல் அமைத்து அளந்தார்கள். இரண்டிலும் அமெரிக்க வனச் சேவையின் ஆந்த்ரே பிட்னெரோவிச் முக்கியப் பங்காற்றினார்.

எங்கே தொங்கவிடுகிறோம் என்பது பெரிய விஷயம். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே வைத்தால் இலைகள் ஓசோனை உறிஞ்சிய பிறகு மிஞ்சியதைத்தான் அளப்போம். அதனால் திறந்த வெளியாகப் பார்த்து, வண்டிச் சாலையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

பம்ப்கூட இல்லாத ஒரு காகிதத் துண்டை எப்படி நம்புறது?

தனியாக நம்பக் கூடாது. வலைப்பின்னலில் ஓரிரு இடத்தில் புற ஊதா மானிக்குப் பக்கத்திலேயே சேகரிப்பானையும் தொங்கவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரே இடத்தில் இரண்டு சேகரிப்பான்களை வைத்து ஒப்பிடுவார்கள். திறக்காமலே காட்டுக்குப் போய்த் திரும்பி வந்த வெற்று வடிதாளையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வழியில் ஒட்டிய நைட்ரேட்டை அது காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றையும் செய்யாமல் வந்த வரைபடத்தை நான் ஒதுக்கிவிடுவேன்.

அதன் உண்மையான குறை வேறு. இரண்டு வாரத்து மழையை ஒரே வாளியில் பிடித்த மாதிரிதான் அது. மொத்தம் தெரியும், எந்த மணிக்கு எவ்வளவு கொட்டியது என்று தெரியாது. ஏன் அது முக்கியம் என்பது சராசரி பற்றிய கேள்வியில் வரும்.

சில பத்து இடத்துல அளந்துட்டு, முழு மலைத்தொடருக்கும் எப்படி வண்ணம் தீட்டுறாங்க?

இடைவெளியை நிரப்பப் பல வழிகள் உண்டு. அதிகம் புழங்குவது கிரிகிங். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக், சில துளைகளின் மாதிரியை வைத்துத் தங்கத் தாதுவின் அளவை மதிப்பிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் 1960களில் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒத்திருக்கும், தூரம் கூடக்கூட ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை அளவீடுகளிலிருந்தே கண்டுபிடித்து, அதற்கேற்ற எடையோடு அளக்காத இடத்தின் மதிப்பைக் கணக்கிடுவார்கள்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, மதிப்போடு சேர்த்து அதன் நிச்சயமின்மையையும் தருகிறது. அதாவது கூடவே பிழை வரைபடம் ஒன்றும் கிடைக்கும். அளவிடும் இடங்கள் நெருங்கியிருக்கும் பகுதியில் பிழை குறைவு, ஓரங்களில் அதிகம். ஆனால் அறிக்கைகளில் முதல் படத்தை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எந்த ஓசோன் வரைபடத்தைப் பார்த்தாலும் பிழைப் படத்தையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு புதிய சேகரிப்பானை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வதும் அதுதான்.

ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு பெரிய மலை இருந்தா? அந்தக் கணக்கு அப்பவும் சரியா வருமா?

வெறும் தூரத்தை வைத்தால் வராது. மலையின் மேற்குச் சரிவில் நகரத்துக் காற்று நேராக மோதும், கிழக்குச் சரிவு மறைவில் இருக்கும். காகிதத்தில் பத்து கிலோமீட்டர்தான், காற்றுக்கு வேறு உலகம். சான் பெர்னார்டினோவிலேயே மேற்கு முனையில் இருக்கும் கிரெஸ்ட்லைனில் ஓசோன் மிக அதிகம், கிழக்கே பார்ட்டன் ஃபிளாட்ஸை நோக்கிப் போகப் போகக் குறைகிறது.

அதனால் உயரம், காற்றின் போக்கு, வெப்பநிலை, மாசு மூலத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றையும் துணைத் தகவலாகச் சேர்க்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதைவிட, பக்கத்துப் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்பது பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லும். இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி, அதிலுள்ள ஓசோன் மண்ணிலும் இலையிலும் படிந்து தீர்ந்துவிடும். மேலே முகட்டில் தீராது. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் பகுதியில் 1990களில் இந்தச் சார்பு உயரத்தையும் நாளின் நேரத்தையும் வைத்தே ஓசோனை மதிப்பிடும் முறையை உருவாக்கினார்கள்.

இவ்வளவு பாடு எதுக்கு? செயற்கைக்கோள்ல பார்த்தாப் போதாதா?

செயற்கைக்கோள் மேலிருந்து கீழ்வரை முழுக் காற்றுத் தூணையும் பார்க்கிறது. முதல் பதிலில் சொன்ன மாதிரி அந்த ஓசோனில் 90 சதவீதம் வெகு உயரத்தில் இருக்கிறது. மிச்சத்திலும் இலை உயரத்தில் இருப்பது ஒரு சிறு பகுதி. அதை மட்டும் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஆனால் வேறு விதத்தில் பெரிய உதவி. 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி, 2023-இல் வட அமெரிக்காவுக்கு மேலே நிறுத்தப்பட்ட டெம்போ ஆகியவை நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஃபார்மால்டிஹைடையும் நன்றாகக் காட்டுகின்றன. ஓசோனின் மூலப்பொருள் எங்கிருந்து கிளம்புகிறது என்று அதிலிருந்து தெரியும். தரை அளவீட்டோடு சேர்த்தால் வரைபடம் மேம்படும். தனியாக அது போதாது.

சராசரி ஓசோன் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். அப்போ பாதிப்பும் ஒண்ணுதானே?

இல்லை. ஓர் இடத்தில் பகலும் இரவும் ஒரே சீராக 45 பிபிபி என்று வைத்துக்கொள்வோம். இன்னோர் இடத்தில் பகல் 12 மணி நேரம் 70, இரவு 12 மணி நேரம் 20. இரண்டுக்கும் சராசரி 45தான். இலைத்துளைகள் நன்றாகத் திறந்திருப்பது பகலில். ஆகவே இரண்டாவது இடத்து மரம் அதிகம் உள்ளே வாங்குகிறது.

இதைப் பிடிக்கவே ஐரோப்பாவில் ஏஓடி40 என்ற கணக்கு வந்தது. வெளிச்சமுள்ள ஒவ்வொரு மணியிலும் 40 பிபிபிக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதை மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே சொன்ன முதல் இடத்தில் ஒரு நாளுக்கு 60 சேரும், இரண்டாவதில் 360. ஆறு மடங்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மொத்தம் 5,000 பிபிபி-மணியைத் தாண்டினால் காட்டுக்கு ஆபத்து என்பது அவர்கள் வைத்த அளவு. அமெரிக்காவில் டபிள்யூ126 என்ற இன்னொரு கணக்கு. காலை 8 முதல் இரவு 8 வரை, உயர்ந்த அளவுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து மூன்று மாதத்துக்குக் கூட்டுவார்கள். இரண்டுக்கும் மணிவாரி எண்கள் தேவை. அவை சேகரிப்பானிடம் இல்லை. பக்கத்து மானியின் நாள்வடிவத்தையும் முன் சொன்ன சார்பு உயரத்தையும் வைத்துத்தான் மதிப்பிட முடியும்.

வரைபடத்துல செக்கச்செவேல்னு இருக்கு, நேர்ல போனா மரம் நல்லாத்தான் இருக்கு. வரைபடம் தப்பா?

இரண்டும் சரியாக இருக்கலாம். கோடை வறட்சியில் மரம் தண்ணீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடிய துளைக்குள் ஓசோனும் போகாது. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, இலைக்குள் எவ்வளவு போனது என்பது வேறு. இந்த இரண்டாவதைக் கணக்கிடும் முறைகள் இப்போது ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. வெளிச்சம், வெப்பம், மண் ஈரம், காற்றின் வறட்சி எல்லாவற்றையும் வைத்து இலை எவ்வளவு உறிஞ்சியது என்று மதிப்பிடுகிறார்கள். செறிவு வரைபடத்தில் தென் ஐரோப்பா மிகச் சிவப்பாக இருக்கும். உறிஞ்சல் வரைபடத்தில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும், ஈரமான மத்திய ஐரோப்பா மேலே வரும்.

மறுபக்கமும் உண்டு. ஓடைக்கரையில் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் மரம், வரைபடத்தில் மஞ்சள் பகுதியில் நின்றாலும் மோசமாகப் பாதிக்கப்படலாம். இது போதாதென்று அதே புகைமூட்டம் நைட்ரஜனையும் கொண்டுவந்து உரம்போல மண்ணில் சேர்க்கிறது. சான் பெர்னார்டினோவில் ஓசோன் வாட்டுவதையும் நைட்ரஜன் வளர்ப்பதையும் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களுக்கு இன்றும் தலைவலி.

இலையைப் பார்த்தே ஓசோன் பாதிப்புன்னு சொல்லிட முடியுமா?

பழகிய கண்ணுக்கு ஓரளவு முடியும். அகல இலைகளில் மேற்பரப்பில், நரம்புகளுக்கு இடையே நுண்ணிய ஊதா அல்லது பழுப்புப் புள்ளிகள் தெரியும். நரம்பு தப்பிக்கும். பழைய இலையில் அதிகம், புதிய இலையில் குறைவு. மேலே இன்னொரு இலை மூடியிருந்த பகுதி சுத்தமாக இருக்கும். பைன் ஊசியில் ஓரம் தெளிவில்லாத மஞ்சள் திட்டுகள். புள்ளி அடியிலும் இருந்தாலோ, நரம்பின் மேலும் ஓடினாலோ, பூச்சி அல்லது பூஞ்சையைச் சந்தேகியுங்கள்.

அமெரிக்க வனச் சேவை 1990களிலிருந்து பல ஆண்டுகள் இப்படி அடையாளத் தாவரங்களைப் பார்த்தே நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. பிளாக் செர்ரி, பிளாக்பெர்ரி, நம் எருக்கின் உறவான மில்க்வீட் ஆகியவை கிழக்கில், பாண்டரோசாவும் ஜெஃப்ரி பைனும் மேற்கில். ஆனால் இலையில் புள்ளி இல்லாததால் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெளியே தெரியாமலும் வளர்ச்சி குறையலாம்.

காட்டுத்தீ எரியும்போது அளந்தா கணக்கு கெட்டுப்போகுமா?

குழப்பும். தீயும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரிமச் சேர்மங்களையும் விடுகிறது. தீக்குப் பக்கத்தில் புகை வெயிலை மறைப்பதால் ஓசோன் குறையக்கூட செய்யலாம், காற்று போகும் திசையில் வெகுதூரம் தள்ளி அது கூடும். தீ எரிந்த வாரங்களைத் தனியாகக் குறித்து, அவை இல்லாமலும் ஒரு வரைபடம் போடுவது நல்லது.

நகரத்துக் காற்றைச் சுத்தம் பண்ணினா காடு திரும்பி வருமா?

ஓரளவு வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1970களில் மணிநேர உச்சம் 300 பிபிபியைத் தாண்டிய நாட்கள் உண்டு. வண்டிகளில் 1975 முதல் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகள் வந்தன, எரிபொருள் விதிகள் இறுகின, உச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. பைன்களின் ஊசிகளும் கூடுதல் காலம் நின்றன. இருந்தும் சான் பெர்னார்டினோ மலைகள் இன்றும் அமெரிக்காவில் ஓசோன் மிக அதிகமான இடங்களில் ஒன்று.

சியரா நெவாடாவின் தெற்கில் 2010களின் வறட்சியில் கோடிக்கணக்கான மரங்கள் மாண்டபோது, ஓசோன்தான் கொன்றது என்று சிலர் சொன்னார்கள். வறட்சியும் பட்டை வண்டும்தான் முதன்மைக் காரணம். ஓசோன் வரைபடத்தை மரச்சாவு வரைபடத்தின் மேல் வைத்து இரண்டும் ஒரே இடம் என்று காட்டினால் அது நிரூபணமாகாது. ஓசோன் அதிகமுள்ள தாழ்ந்த சரிவுகளே வெப்பமும் வறட்சியும் அதிகமுள்ள இடங்களாகவும் இருக்கலாம்.

நீலகிரி, பழனி மலையில இதைச் செய்ய முடியுமா? கொடைக்கானல்ல ஏற்கெனவே ஓசோன் அளக்குறாங்களே?

கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாக டாப்சன் கருவியால் அளப்பது வானம் முழுவதற்குமான மொத்த ஓசோனை. செயற்கைக்கோள் பதிலில் சொன்ன அதே காரணத்தால் அதிலிருந்து சோலைக்காட்டு இலை உயரத்து ஓசோனைச் சொல்ல முடியாது.

செய்ய முடியும். ஆனால் கலிஃபோர்னியா முறையை அப்படியே பெயர்க்கக் கூடாது. அங்கே கோடை முழுக்க மழை இல்லை, இங்கே தென்மேற்குப் பருவமழை நடுவில் வருகிறது. மேகமூட்டத்தில் ஓசோன் உருவாவதும் குறையும், அதிக ஈரத்தில் சேகரிப்பானின் வேகமும் மாறலாம். ஆகவே மழைக்கு முந்தைய வெயில் மாதங்களில் தொடங்குவது மேல். மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் ஒரு புற ஊதா மானி, அதன் பக்கத்தில் ஒப்பிட ஒரு சேகரிப்பான். பிறகு சமவெளியைப் பார்க்கும் சரிவு, முகடு, மறைவுப் பள்ளத்தாக்கு என்று மூன்று வகை இடங்களிலும் மற்றவை. ஐரோப்பிய ஏஓடி40 எல்லை அங்கே இலையுதிர்க்கும் மரங்களின் வளர்பருவத்தை வைத்துப் போட்டது, நம் பசுமைமாறாச் சோலை மரங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தெந்த உள்ளூர்ச் செடி ஓசோனுக்கு முதலில் புள்ளி காட்டுகிறது என்று வளர்ப்பு அறையில் சோதித்துப் பட்டியல் போடுவதையும் கூடவே தொடங்க வேண்டும்.